பழைய ஜன்னல்களை வைத்து ஒரு வெயில் அறை

டொராண்டோவில் ஜனவரி மாதத்துப் பகல். வெளியே மைனஸ் 10 டிகிரி, ஆனால் வானத்தில் ஒரு மேகம் இல்லை. தெற்குப் பார்த்த வீட்டின் முன்னால் கண்ணாடி அடைத்த ஒரு போர்ச், அதாவது கூரை போட்ட முன்வாசல், இருந்தால், ஹீட்டர் எதுவும் இல்லாமலே மதியத்தில் அதற்குள் 25 டிகிரியைத் தாண்டிவிடும். வெறும் சட்டையோடு உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம். அதே இடத்தில் இரவு பத்து மணிக்குப் போய் நின்றால் பல் கிட்டும். முதல் குணத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கட்ட இறங்குகிறவர்கள்தான், பிறகு உள்ளே ஒரு மின்சார ஹீட்டரை வாங்கி வைத்துவிட்டு மாதக் கடைசியில் பில்லைப் பார்த்துத் திகைக்கிறார்கள்.

கடைகளில் சன்ரூம் என்று விற்கப்படுவது பெரும்பாலும் வீட்டோடு சேர்ந்த இன்னொரு அறை. வருடம் முழுக்க ஹீட்டரும் ஏசியும் ஓடும், விலையும் அதற்கேற்ப இருக்கும். வெயிலை மட்டும் நம்பி, யாரோ கழற்றிப் போட்ட ஜன்னல்களைக் கொண்டு கட்டுவது வேறு வகை. அதைப் பகலில் வேலை செய்து இரவில் ஓய்வெடுக்கும் ஒரு சூடு பிடிக்கும் கருவி என்று நினைத்துக்கொண்டால், எந்த ஜன்னல், எவ்வளவு செலவு, எங்கே கதவு என்பதெல்லாம் தானாகத் தெளிவாகும்.

முதலில், சூடு எப்படி வருகிறது? வெயிலில் நிறுத்திய காரின் கதவைத் திறந்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. சாதாரண ஒற்றைக் கண்ணாடி தன்மேல் நேராக விழும் வெயிலில் சுமார் 85 சதவீதத்தை உள்ளே விடுகிறது. தரையும் சுவரும் அதை வாங்கிச் சூடாகின்றன. சூடான பொருள்கள் பதிலுக்கு விடுவது நீண்ட அலை அகச்சிவப்புக் கதிர். அது கண்ணாடியைத் தாண்டாது. பள்ளிப் பாடம் இதோடு முடிந்துவிடும். ஆனால் 1909இல் ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இரண்டு பெட்டிகளைச் செய்து வெயிலில் வைத்துப் பார்த்தார். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி. இன்னொன்றுக்கு, அகச்சிவப்பையும் வெளியே விட்டுவிடும் பாறையுப்புத் தகடு. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குச் சூடாயின. சூடான காற்று எழும்பி ஓடிவிடாமல் அடைத்து வைப்பதுதான் இதில் பெரிய பங்கு என்று அதிலிருந்து தெரிந்தது. கட்டுகிறவருக்கு இது முக்கியமான செய்தி. கண்ணாடி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், சட்டத்தைச் சுற்றி விரல் நுழையும் இடுக்கு இருந்தால் சூடு தங்காது.

அடுத்தது சூரியன் நிற்கும் உயரம். டொராண்டோ கிட்டத்தட்ட 43.7 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் அங்கே அடிவானத்திலிருந்து 23 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். ஜூன் 21இல் 70 டிகிரி. ஆகவே தெற்குப் பார்த்துச் செங்குத்தாக நிற்கும் கண்ணாடிமேல் குளிர்கால வெயில் ஏறக்குறைய நேராக அடிக்கிறது; கோடை வெயில் மேலிருந்து சரிந்து வழுக்கிப் போகிறது. தரையில் பனி கிடந்தால் அது பிரதிபலிக்கும் வெளிச்சமும் சேரும். கூரைக்குக் கண்ணாடி போடும் ஆசை பலருக்கு வரும். வேண்டாம். குளிர்காலத்தில் அதனால் வரும் லாபம் குறைவு, கோடையில் உள்ளே இருக்க முடியாது, ஒழுகும், பனியின் எடையைத் தாங்க வேண்டும், தலைக்கு மேல் போடும் கண்ணாடிக்குப் பாதுகாப்பு விதிகளும் தனி. கூரை சாதாரணக் கூரையாகவே இருக்கட்டும், அதற்கு நல்ல இன்சுலேஷன், அதாவது வெப்பம் எளிதில் கடக்காத அடைப்பு, கொடுத்தால் போதும்.

திசையைக் காந்த ஊசியை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். டொராண்டோவில் ஊசி காட்டும் வடக்கு, உண்மையான வடக்கிலிருந்து ஏறக்குறைய 10 டிகிரி மேற்கே விலகியிருக்கும். போதாக்குறைக்கு அந்த நகரத்துத் தெருக்களே சுமார் 17 டிகிரி திருகிக் கிடக்கின்றன. அங்கே ‘தெற்குப் பார்த்த வீடு’ என்பது உண்மையில் கொஞ்சம் கிழக்குச் சாய்வான தெற்கைப் பார்க்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. சரியான தெற்கிலிருந்து 30 டிகிரி வரை விலகினாலும் பெரிய நஷ்டம் வராது. அதைவிடக் கவனிக்க வேண்டியது நிழல். டிசம்பரில் காலை 9 முதல் மாலை 3 வரை பக்கத்து வீடோ பைன் மரமோ மறைத்தால் கட்டுவதில் அர்த்தமில்லை.

இந்த யோசனை புதிதல்ல. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் ஊரில் எட்வர்ட் மோர்ஸ் என்பவர் கறுப்புப் பரப்புக்கு முன்னால் கண்ணாடி வைத்து வெயிலால் வீட்டைச் சூடாக்கும் முறைக்கு 1881இலேயே காப்புரிமை வாங்கினார். 1973இல் எண்ணெய் விலை எகிறிய பிறகு அது மறுபடி உயிர்பெற்றது. நியூ மெக்சிகோ மாநிலத்துச் சாண்டா ஃபேயில் 1976இல் கட்டிய பால்காம்ப் வீடு அந்தக் காலத்துப் பிரபல உதாரணம்: முன்பக்கம் இரண்டு மாடி உயரக் கண்ணாடி அறை, அதற்குப் பின்னால் தடித்த மண்கல் சுவர். இந்தியாவில் இதைப் பார்க்க வேண்டுமானால் லடாக்குக்குப் போக வேண்டும். அங்கே வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டிப் பிளாஸ்டிக் விரிப்பால் வெயில் கூடாரம் அமைப்பது வழக்கத்தில் இருக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். இதைப் போட்டுப் பார்க்காமல் ஒரு ஜன்னல்கூட வாங்கக் கூடாது.

தெற்குப் பக்கம் 10 சதுர மீட்டர் கண்ணாடி என்று வைத்துக்கொள்வோம். தெளிவான டிசம்பர் நாளில் அந்த அட்சரேகையில் செங்குத்துப் பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 4 முதல் 5 யூனிட் வரை வெயில் விழும். யூனிட் என்றால் கரண்ட் பில்லில் வரும் அதே கிலோவாட்-மணி. நாள் முழுக்கச் சூரியன் சரிந்தே அடிப்பதால் ஒற்றைக் கண்ணாடி வழியே 80 சதவீதம் உள்ளே வருகிறது என்று எடுத்தால், மொத்தம் சுமார் 36 யூனிட்.

இப்போது செலவுப் பக்கம். ஒரு சதுர மீட்டர் ஒற்றைக் கண்ணாடி, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சுமார் 5.8 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறது. பகல் ஒன்பது மணி நேரம் உள்ளே 22 டிகிரி, வெளியே மைனஸ் 5 என்றால் இழப்பு 14 யூனிட். கையில் மிஞ்சுவது 22. இதை அப்போதே வீட்டுக்குள் அனுப்பிவிட்டால், 1500 வாட் ஹீட்டர் ஒன்று 14 மணி நேரத்துக்கு மேல் ஓடியதற்குச் சமம். அப்படிச் செய்யாமல், அந்த அறையையே இரவு பதினைந்து மணி நேரமும் 15 டிகிரியில் வைத்திருப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால், வெளியே மைனஸ் 10 இருக்கையில் இரவு இழப்பு மட்டும் கிட்டத்தட்ட 22 யூனிட். பகலில் சேர்த்தது அத்தனையும் காலி. இடுக்குகள், பக்கச் சுவர், கூரை வழியே போவதை நான் இதில் சேர்க்கவே இல்லை.

அதே அளவு இரட்டைக் கண்ணாடி போட்டால்? உள்ளே வருவது சுமார் 31 யூனிட்டாகக் குறையும். இழப்பு வேகம் 2.8 வாட், அதாவது பாதி. பகல் முடிவில் மிஞ்சுவது 24. ஒற்றைக் கண்ணாடியின் 22க்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதைக் கவனியுங்கள். வித்தியாசம் முழுக்க இரவில்தான் தெரிகிறது. எனவே இரவில் அந்த அறையைக் கைவிடத் தயாராக இருப்பவருக்குப் பழைய ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் கிட்டத்தட்ட புது ஜன்னல் அளவுக்கே உழைக்கும். வேறொருவர் வீட்டிலிருந்து கழற்றிய ஜன்னல் இந்த வேலைக்குப் பொருந்துவதன் காரணம் இதுதான். மலிவு என்பது அப்புறம்.

கைவிடுவது என்றால் வீட்டுக்கும் அந்த அறைக்கும் நடுவே உள்ள வாசல் கதவை, நல்ல இன்சுலேஷன் உள்ள வெளிக்கதவை, அப்படியே விட்டுவைத்து மாலையில் சாத்திவிடுவது. அந்தக் கதவை எடுத்துவிட்டு வரவேற்பறையைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். இந்த ஏற்பாடு முழுக்க அந்தக் கதவை நம்பித்தான் இருக்கிறது.

இந்த அறை எதற்கு என்பதையும் முன்னாலேயே முடிவு செய்ய வேண்டும். வீட்டுக்குச் சூடு வேண்டுமானால் உள்ளே பாரமான பொருள்கள் குறைவாக இருக்கட்டும். அப்போது காற்று சீக்கிரம் சூடாகும், உடனே உள்ளே தள்ளிவிடலாம். செடி வளர்க்க வேண்டுமானால் நேர் எதிர்: இரவில் உறையாமல் காக்க, வெப்பத்தைச் சேமிக்கும் பாரம் நிறைய வேண்டும். இரண்டும் முழுதாகக் கிடைக்காது. கறிவேப்பிலைத் தொட்டியைக் குளிர்காலம் முழுக்க அங்கேயே வைத்துவிடலாம் என்று நம்பும் தமிழ் வீடுகளுக்கு ஒரு வார்த்தை: பகலில் அங்கே வையுங்கள், கடும் குளிர் இரவுகளில் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள்.

சேமிப்புக்குத் தண்ணீரை விடச் சிறந்தது இல்லை. ஒரே கன அளவுக்குக் கான்கிரீட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வெப்பத்தை அது பிடித்து வைக்கும். ஒரு சதுர மீட்டர் கண்ணாடிக்கு 100 லிட்டர் என்ற அளவில் ஆரம்பிக்கலாம். நம் 10 சதுர மீட்டருக்கு 1,000 லிட்டர், அதாவது 200 லிட்டர் டிரம் ஐந்து. கறுப்பு அல்லது கரும்பச்சை பூசி, வெயில் நேரே படும் இடத்தில் வைத்தால், 10 டிகிரி ஏறி இறங்கும்போது சுமார் 11.6 யூனிட் தரும். மேலே கொஞ்சம் காலி இடம் விடுங்கள், உறைந்தால் விரியும். ஆனால் ஆயிரம் லிட்டர் என்பது ஒரு டன். பழைய மரப்பலகைப் போர்ச் தளத்தில் இதை ஏற்றுவதற்கு முன் அடியில் குனிந்து பார்க்க வேண்டும்.

இனி ஜன்னல் வேட்டை. வட அமெரிக்காவில் ஹேபிடாட் ஃபார் ஹியூமானிட்டி அமைப்பின் ரீஸ்டோர் கடைகள் பழைய கட்டடப் பொருள்களை விற்கின்றன. கனடாவில் முதல் கடை 1991இல் வின்னிபெக்கில் திறந்தது. ஜன்னல் மாற்றும் ஒப்பந்தக்காரரிடம் கேட்டாலும் கிடைக்கும். பழையதைக் குப்பைக்குக் கொண்டுபோகவும் அவருக்குக் காசு செலவாகிறது, எடுத்துப் போகிறேன் என்றால் மறுக்க மாட்டார்.

என் தேர்வு எப்போதும் பின்பக்கத்து நகரும் கண்ணாடிக் கதவுகள்தான். அவற்றின் கண்ணாடி பெரிது, பெரும்பாலும் இரட்டை, அளவும் அனேகமாக ஒன்றுபோல் இருக்கும்: 34க்கு 76 அங்குலம், 46க்கு 76 அங்குலம். இதனால் சட்டம் அடிப்பது எளிது. கதவுக் கண்ணாடி என்பதால் டெம்பர்டு செய்யப்பட்டிருக்கும். ஒரு மூலையில் அதற்கான சின்ன முத்திரை தெரியும். உடைந்தால் கத்தியாகச் சிதறாமல் சிறு துண்டுகளாக உதிரும் வகை அது. தரைக்கு அருகே வரும் கண்ணாடிக்கு இந்த வகையைத்தான் பல இடங்களில் விதிகளே கேட்கின்றன. ஒன்று நினைவிருக்கட்டும்: டெம்பர்டு கண்ணாடியை வெட்ட முடியாது. வெட்டப் பார்த்தால் முழுக் கண்ணாடியும் நொறுங்கிவிடும். அதனால்தான் ஜன்னலை முதலில் வாங்கி, அளந்து, தரையில் பரப்பி வைத்துப் பார்த்த பிறகே படம் வரைய வேண்டும். படத்தை வரைந்துவிட்டு அந்த அளவில் பழைய ஜன்னல் தேடினால் ஆயுள் போதாது.

இரட்டைக் கண்ணாடியின் நடுவே பனி படர்ந்ததுபோல் மங்கலாக இருந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். பார்வைக்கு அழகில்லை, சூடு பிடிக்கும் வேலை பெரும்பாலும் நடக்கும். இன்னொரு சோதனையும் உண்டு. நவீன ஜன்னல்களில் லோ-ஈ என்ற கண்ணுக்குத் தெரியாத உலோகப் பூச்சு இருக்கும். அவற்றில் சில வகைகள் வெயிலின் வெப்பத்தில் பாதிக்கும் மேல் தடுத்துவிடும்; நமக்கு அது ஆகாது. மங்கிய வெளிச்சத்தில் ஒரு லைட்டர் சுடரைக் கண்ணாடிக்கு முன்னால் பிடியுங்கள். இரட்டைக் கண்ணாடியில் நான்கு பிம்பங்கள் தெரியும். ஒன்றின் நிறம் மட்டும் மாறியிருந்தால் பூச்சு இருக்கிறது. நான்கும் ஒரே நிறம் என்றால் பழைய வெறும் கண்ணாடி, தைரியமாக வாங்கலாம்.

மரச்சட்ட ஜன்னல்களில் மட்டும் எச்சரிக்கை தேவை. வீடுகளுக்கான ஈயப் பெயிண்டை அமெரிக்கா 1978இல் தடை செய்தது. கனடாவில் 1960க்கு முந்தைய வீடுகளின் ஜன்னல் என்றால் ஈயம் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வது நல்லது. உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது, தீயால் சூடாக்கி உரிக்கவும் கூடாது. தண்ணீர் தெளித்து ஈரமாகச் சுரண்டி, சரியான வடிகட்டி முகமூடி போட்டு, தூளை மொத்தமாகச் சேர்த்து அப்புறப்படுத்த வேண்டும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் அப்படிப்பட்ட ஜன்னலைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவது மேல்.

கட்டும் வேலையைப் பொறுத்தவரை, ஏற்கெனவே கூரையும் தளமும் உள்ள போர்ச் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. தூண்களுக்கு நடுவே அடைப்பதுதான் மிச்சம். புதிதாக எழுப்பினால் அஸ்திவாரம் மண் உறையும் ஆழத்துக்குக் கீழே போக வேண்டும், டொராண்டோ பக்கத்தில் 1.2 மீட்டர். இல்லாவிட்டால் உறைந்த மண் உப்பி, சட்டத்தைத் தூக்கி, கண்ணாடியை விரிசல் விடச் செய்யும். நகராட்சி அனுமதியையும் இந்தக் கட்டத்திலேயே விசாரித்துவிடுங்கள்.

கண்ணாடியை வெறும் மரத்தின் மேல் உட்கார வைக்காதீர்கள். கீழ் விளிம்பில், இரு முனைகளிலிருந்தும் கால் பங்கு தூரத்தில், கெட்டி ரப்பர் கட்டை இரண்டு வைத்து அதன்மேல் நிறுத்துங்கள். சுற்றிலும் கொஞ்சம் இடைவெளி இருக்கட்டும். அடிச்சட்டம் வெளிப்பக்கம் சரிந்து, தேங்கும் நீர் வடிய வழி இருக்க வேண்டும். இரட்டைக் கண்ணாடியின் சீல் போவது பெரும்பாலும் அடியில் நின்ற தண்ணீரால்தான். இடைவெளிகளை நுரைக் கயிறும் சிலிக்கானும் வைத்து அடைத்த பிறகு, காற்றடிக்கும் ஒரு நாளில் ஊதுவத்தி கொளுத்தி விளிம்பைச் சுற்றிக் காட்டிப் பாருங்கள். புகை ஆடும் இடத்தில் இடுக்கு இருக்கிறது. தரைக்கு அடியிலும் அதன் ஓரங்களிலும் இரண்டு அங்குல ஃபோம் பலகை போட்டால் பலன் தெரியும்.

ஒன்றில் மட்டும் சமரசமே கிடையாது. அடைக்கப்போகும் இடத்துக்குள் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் புகைக்குழாயோ துணி உலர்த்தியின் குழாயோ வந்து முடியக் கூடாது, எரிவாயு மீட்டரும் அங்கே இருக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாமல் ஆளைக் கொல்லும். படுக்கையறையின் ஒரே ஜன்னல் அந்தப் பக்கம் இருந்தால், தீ விபத்தில் தப்பிக்கும் வழி அடைபடும் என்பதையும் யோசியுங்கள்.

சூட்டை வீட்டுக்குள் கொண்டுபோக, கதவைத் திறந்து வைப்பதே முதல் வழி. நடுச்சுவரில் மேலும் கீழும் நகரும் பழைய ஜன்னல் இருந்தால் அதிர்ஷ்டம்: மேல் பக்கமும் கீழ்ப் பக்கமும் கொஞ்சம் திறந்துவிட்டால் மேல்வழியே சூடான காற்று வீட்டுக்குள் போகும், கீழ்வழியே குளிர்ந்த காற்று திரும்பி வரும், மின்சாரமே வேண்டாம். மாலையில் மறந்துவிட்டால் ஓட்டம் தலைகீழாகும். அதைத் தடுக்க, கம்பி வலையின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் தொங்கவிட்டால் அது ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவாகிவிடும். மின்விசிறி வைப்பதானால், 2 கிலோவாட் சூட்டை 15 டிகிரி வித்தியாசத்தில் நகர்த்த நிமிடத்துக்கு 235 கன அடி காற்று வேண்டும். குளியலறை விசிறி இரண்டு அல்லது மூன்று. தெர்மோஸ்டாட்டில் இணைத்துவிட்டால் உள்ளே சூடானதும் தானே ஓடும், ஆறினால் நின்றுவிடும்.

கோடையை இப்போதே நினைத்துக்கொள்ளுங்கள். மேலே திறக்கும் ஜன்னல் ஒன்றும் கீழே ஒன்றும் கட்டாயம் வேண்டும். கண்ணாடிக்கு வெளியே 60 சென்டிமீட்டர் நீளும் கூரை ஜூன் நண்பகலில் 1.6 மீட்டர் நிழல் தரும், டிசம்பரில் 25 சென்டிமீட்டர்தான் மறைக்கும். மேற்குப் பக்கம் முடிந்தவரை கண்ணாடியைத் தவிர்த்து மரச்சுவராகவே அடைத்துவிடுங்கள். மாலை வெயில் தாழ்வாக வருவதால் எந்தக் கூரையும் அதை மறைக்காது.

டொராண்டோவில் டிசம்பர் பெரும்பாலும் மேகமூட்டம். நம் 36 யூனிட் கணக்கு தெளிவான நாளுக்கு மட்டும். மூடிய வானத்தில் கால்வாசிகூடத் தேறாது. நல்ல அறுவடை பிப்ரவரி, மார்ச்சில்தான். ஆகவே ஃபர்னஸுக்கு விடுமுறை கொடுக்கலாம் என்ற கனவோடு யாரும் இதில் இறங்க வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் முதல் குளிர்காலம் ஜன்னலே வாங்காதீர்கள். இருக்கும் போர்ச்சைச் சுற்றி மரச்சட்டம் அடித்து, பசுமைக்குடிலுக்கு விற்கும் தடித்த பாலித்தீன் தாளை இறுக்கமாக ஸ்டேப்பிள் செய்து, அதிகபட்சமும் குறைந்தபட்சமும் காட்டும் வெப்பமானி ஒன்றை நிழலில் மாட்டிவிடுங்கள். தினமும் இரண்டு எண்களையும் வானம் எப்படி இருந்தது என்பதையும் குறித்து வையுங்கள். மார்ச் முடிவில் அந்த நோட்டைப் பார்த்தாலே, எத்தனை ஜன்னல் வாங்கலாம், அல்லது வாங்கவே வேண்டாமா என்பது தெரிந்துவிடும்.